சாணைக்கல்லில் எழும் தூசு செல்லுக்குள் என்ன செய்கிறது

கார்பைடு முனை வைத்த வெட்டுக்கருவிகளைச் சாணை பிடித்துக் கூராக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலையால் எனக்கு வந்த நோய்க்குக் கடின உலோக நுரையீரல் நோய் என்று பெயர். பட்டறைகளில் தூசு என்றாலே சட்டையைத் தட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். "இரும்புத் தூசுதானே, சளியோடு வந்துவிடும்" என்ற பேச்சு மூத்தவர்களிடமிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்படியே கைமாறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தூசு உடம்புக்குள் போன பிறகு செல்லுக்குள் நடப்பதை அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் என்பதால், நான் பட்டதையும் படித்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உலோகத் தூசு என்பது ஒரே பொருள் அன்று. இரும்பு செய்வதைக் கோபால்ட் செய்வதில்லை. கோபால்ட் செய்வதைக் குரோமியம் செய்வதில்லை. எந்த உலோகம் என்பது தெரியாமல் சரியான பாதுகாப்பும் செய்ய முடியாது, சரியான மருத்துவமும் பார்க்க முடியாது.

நாங்கள் கார்பைடு என்று சொல்லும் பொருள் ஒற்றை உலோகம் அன்று. டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளின் பொடியையும், அதை ஒட்டிப் பிடிக்கும் கோபால்ட் பொடியையும் கலந்து அழுத்தி, உலையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்துகிறார்கள். கோபால்ட்டின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 25 வரை இருக்கும். மழுங்கிய கருவியை வைரச் சக்கரத்தில் கொடுக்கும்போது, இரும்பை அரைக்கும்போது பறப்பது போன்ற தீப்பொறி மழை இருக்காது. சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய மாவு ஒன்றுதான் வெளிவரும். கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ஊற்றி அரைத்தால் அந்த மாவு தொட்டியில் வண்டலாகப் படியும். உலர்வாக அரைத்தால் மெஷின் மேடையிலும் முன்கையிலும் மூக்கின் ஓரங்களிலும் படியும். தீப்பொறி இல்லை, கண் எரிச்சல் இல்லை, நாற்றமும் இல்லை என்பதால் பட்டறையிலேயே சுத்தமான வேலை எங்கள் பிரிவுடையது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

முதலில் வந்தது வறட்டு இருமல். வாரத்தின் தொடக்கத்தில் லேசாக இருக்கும், நாள் செல்லச் செல்லக் கூடும். நீண்ட விடுப்பில் இருந்தால் அடங்கும், வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, உடல் எடையும் குறைந்தது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்குமாக மாறி மாறி மருந்து எடுத்தேன். மார்பு எக்ஸ்ரேயில் குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை என்றே எழுதித் தந்தார்கள். என் மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றிலும் தொழில் என்ற இடத்தில் மெஷின் ஆபரேட்டர் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. பின்னர் பார்த்த நுரையீரல் சிறப்பு மருத்துவர்தான், "எந்த உலோகத்தை அரைக்கிறீர்கள்?" என்று முதன்முதலில் கேட்டவர். கார்பைடு என்றதும், கூலன்ட் உண்டா, தூசை உறிஞ்சும் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, விடுப்பில் இருமல் குறைகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். நோயைக் கண்டுபிடித்தது அந்தக் கேள்விகள்தான். அதன் பின் நடந்த பரிசோதனைகள் அதை உறுதி செய்தன. உலோக வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் போகும்போது பதவிப் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், என்ன உலோகத்தை என்ன செய்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் பல பகுதிகளில் மங்கலான வெண்மை தெரிந்தது. அடுத்து, மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, உப்புநீரைச் செலுத்தி நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி எடுத்தார்கள். அந்த நீரில் நுரையீரலின் செல்கள் மிதந்து வரும். நான் கேட்டுக்கொண்டதால், இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியில் என்னையும் உட்காரவைத்து நோய்க்கூறு மருத்துவர் அந்தச் சாயமேற்றிய செல்களைக் காட்டினார். முதலில், நுரையீரலுக்குள் வரும் கிருமியையும் தூசையும் விழுங்கும் காவல் செல்லான விழுங்குசெல் ஒன்றைச் சாதாரண நிலையில் காட்டினார்: உருண்டையாக, நடுவிலிருந்து சற்று விலகி ஒரே ஒரு உட்கரு. கண்ணாடித் தகட்டைச் சிறிது நகர்த்தியதும் அதைப்போலப் பல மடங்கு பெரிய ஒரு செல் வந்து நின்றது. அதனுள் ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாகப் பல உட்கருக்கள் இருந்தன. அவற்றுக்கு அருகில், அந்தப் பெரிய செல்லின் உடலுக்குள்ளேயே, முழுதாக விழுங்கப்பட்ட வேறு செல்கள் கிடந்தன. செல்லைச் செல் விழுங்கியிருந்தது. கார்பைடு அரைக்கும் ஒருவரின் நுரையீரலில் இந்த அரக்கசெல்களைக் கண்டால் நோயின் பெயரை ஏறக்குறைய உறுதியாகவே எழுதிவிடலாம் என்று அவர் சொன்னார்.

அந்தத் தூசு அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள அளவிலிருந்து தொடங்க வேண்டும். தலைமயிரின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். அவற்றைவிடச் சிறியவற்றுள் ஒரு பகுதி மூச்சுக்குழாய்களில் படியும். அங்கே மயிர் போன்ற மிக நுண்ணிய குறுயிழைகள் ஓயாமல் அசைந்து, சளிப்படலத்தோடு சேர்த்து அவற்றை மேலே தள்ளிவிடும். சளியோடு வந்துவிடும் என்ற பேச்சு இந்தப் பெரிய துகள்களைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. ஆனால் ஏறக்குறைய 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை மூச்சுக்குழாய்களின் முடிவில் உள்ள சிறு காற்றுப் பைகளான நுண்ணறைகள் வரை போகின்றன. அங்கே குறுயிழையும் இல்லை, சளியும் இல்லை. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. பட்டறையில் கண்ணுக்குத் தெரியும் தூசு பெரும்பாலும் நுரையீரலின் ஆழத்துக்குப் போகாத தூசு. ஆழத்துக்குப் போகும் தூசோ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அரைப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பக்கம் கொண்ட உலோகக் கனசதுரத்தை ஒரு மைக்ரான் கனசதுரங்களாக உடைத்தால், எடை மாறாமல் மேற்பரப்பு மட்டும் ஆயிரம் மடங்காகிறது. செல்லோடு வினைபுரிவது மேற்பரப்புதான். கட்டியாகக் கையில் பிடித்தால் தீங்கில்லாத அதே உலோகம் பொடியானதும் வேறு பொருளைப் போல நடந்துகொள்வதற்கு இது முதன்மையான காரணம்.

நுண்ணறையில் இறங்கிய துகளை எதிர்கொள்வது விழுங்குசெல். கிருமியாக இருந்தாலும் தூசாக இருந்தாலும், தன் சவ்வால் சுற்றி வளைத்து உள்ளே இழுத்து, லைசோசோம் என்னும் சிறு அமிலப் பைக்குள் அதைத் தள்ளும். நுரையீரல் திரவம் ஏறக்குறைய நடுநிலையானது. லைசோசோமின் உள்ளே அமிலத்தன்மை அதைவிட நூறு மடங்குக்கும் மேல். கிருமி அந்த அமிலத்திலும் நொதிகளிலும் அழிந்துவிடும். கோபால்ட் அழிவதில்லை, கரைகிறது. வெளியே மெதுவாகக் கரையும் உலோகத் துகள் செல்லின் உள்ளே வேகமாகக் கரைந்து, தாமாக அவ்வளவு எண்ணிக்கையில் சவ்வைத் தாண்டி வந்திருக்க முடியாத கோபால்ட் அயனிகளைச் செல்லின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. கோட்டைக்காரனே கதவைத் திறந்து எதிரிப் படையை உள்ளே அழைத்துக்கொண்டதற்கு இது ஒப்பாகும். உடம்பைக் காக்க வேண்டிய செல்லின் வேலைத்திறனே அதற்கு எதிராகத் திரும்புகிறது.

கோபால்ட்டும் டங்ஸ்டன் கார்பைடும் ஒட்டியிருப்பதுதான் எங்கள் தூசின் தனித்தன்மை. டங்ஸ்டன் கார்பைடு மட்டும் இருந்தால் பெரிய தீங்கில்லை. கோபால்ட் தனியாக இருந்தால் தீங்கு உண்டு. இரண்டும் ஒரே துகளில் தொட்டுக்கொண்டிருந்தால் தீங்கு அவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறது. கோபால்ட் இழக்கும் எலக்ட்ரான்கள் கார்பைடின் மேற்பரப்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து, அருகில் உள்ள எதையும் தாக்கக்கூடிய வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. எலக்ட்ரானை இழந்த கோபால்ட் அயனியாகக் கரைகிறது. ஒரே துகள் இரண்டு வழிகளில் தாக்குகிறது என்பதைப் படித்தபோது, இந்தப் பொருளை மாவைப் போலக் கையால் வழித்துக் கொட்டும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது எனக்குத் தெளிவானது.

அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் முதலில் தாக்குவது சவ்வின் கொழுப்பை. ஒரு கொழுப்பு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும். வினை சங்கிலியாக நீளும். சவ்வு ஒழுகத் தொடங்கும். லைசோசோமின் சவ்வு கிழிந்தால் அதனுள் இருந்த நொதிகளும் அமிலமும் செல்லுக்குள்ளேயே கொட்டும். புரதங்கள் வடிவம் குலைகின்றன. டி.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்றான குவானின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அடுத்த முறை படியெடுக்கும்போது தவறான எழுத்தோடு இணை சேரக்கூடியதாகிறது. செல்லிடம் தற்காப்பு இல்லாமல் இல்லை. குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு தன்னை இழந்து இந்தத் தாக்குதலைத் தணிக்கிறது, சேதமான டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் நொதிகளும் உண்டு. நாளும் புதுத் தூசு வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் குளூட்டாதயோன் இருப்புக் குறைகிறது. கோபால்ட்டும் நிக்கலும் அந்தப் பழுதுபார்க்கும் நொதிகளையே முடக்கவும் செய்கின்றன. ஓய்வு நாட்களும் நீண்ட விடுப்பும் உடம்பைத் தேற்றுவதற்கும், அந்த இடைவெளி போதாமல் போகும் கட்டம் ஒன்று வருவதற்கும் காரணம் இதில் இருப்பதாக எண்ணுகிறேன்.

துகளை விழுங்கிச் சேதமடைந்த விழுங்குசெல் சும்மா சாவதில்லை. அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதங்களை வெளியே அனுப்புகிறது. அதைக் கேட்டு மற்ற வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவையும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பொழிகின்றன. இறந்த செல்லிலிருந்து கரையாத எச்சம் வெளியே வந்ததும் அடுத்த விழுங்குசெல் அதை விழுங்குகிறது, அதற்கும் அதே கதி நேர்கிறது. இந்தப் போராட்டம் நீடிக்கும்போது நார்ச்செல்கள் தூண்டப்பட்டு கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் குவிக்கின்றன. தோலில் ஆறிய காயம் தடித்துத் தழும்பாவதைப் போலவே நுண்ணறைகளின் மெல்லிய சுவரும் தடிக்கிறது. ஆக்சிஜன் அதைக் கடந்து இரத்தத்தில் சேர்வது கடினமாகிறது. மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியதன் பொருள் இதுதான். அழற்சியை மருந்தால் அடக்க முடியும், தழும்பைக் கரைக்க முடியாது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் தூசிலிருந்து விலகுகிறோம் என்பதே மீதி நுரையீரலைத் தீர்மானிக்கிறது. என்னை முதலில் அந்தப் பிரிவிலிருந்து முற்றிலும் விலக்கினார்கள், அதன் பிறகே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். இருமல் நின்றது, நுரையீரலின் திறன் ஓரளவு மேம்பட்டு அங்கேயே நின்றுவிட்டது.

குற்றவாளி கோபால்ட்தான் என்பதற்கு ஒரு நல்ல சான்று, கார்பைடு அரைக்காதவர்களிடமிருந்து கிடைத்தது. 1980களில் பெல்ஜியத்தில் வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழிலாளர்களிடம் இதே நோயைக் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய வட்டுகளில் நுண்வைரத் துகள்கள் கோபால்ட்டில் பதிக்கப்பட்டிருந்தன. டங்ஸ்டன் இல்லை, கோபால்ட் இருந்தது. அதே பிரிவில் என்னோடு வேலை பார்த்த பலருக்கு நோய் வரவில்லை என்பதும் உண்மை. பரம்பரையாக வரும் நோய் எதிர்ப்பு வேறுபாடுகள் இதில் பங்கு வகிக்கின்றன. பக்கத்து மெஷினில் நிற்பவர் நலமாக இருக்கிறார் என்பது நமக்குக் காப்பு ஆகாது. தொழிலாளர்கள் ஒருவரையொருவர் ஒப்பிட்டுத் தைரியம் கொள்வதைக் காணும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன்.

மற்ற உலோகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டறையில் ஒரே உலோகத்தோடு வாழ்பவர்கள் குறைவு. தூய இரும்புத் தூசு எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் கடுமையான தழும்பை உண்டாக்குவதில்லை; அதற்காக அது தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. செல்லில் இயல்பாகவே உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை, கட்டுக்கடங்காத இரும்பு அயனி மிகக் கொடிய ஹைட்ராக்சில் துண்டாக மாற்றிவிடும். 1894இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர் விவரித்த வினை இது. வார்ப்படங்களைச் சுத்தம் செய்யும்போது எழும் தூசில் வார்ப்பு மணலின் சிலிக்காவும் கலந்திருக்கும். அதைப் பார்ப்பவர்கள் இரும்புத் தூசு என்றே நினைப்பார்கள், நுரையீரலைக் கெடுப்பதோ சிலிக்கா.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது நூற்றுக்கு 10.5 பங்கு குரோமியம் இருக்கும். அதை அரைத்தால் வருவதில் பெரும்பகுதி உலோகக் குரோமியம்; வெல்டிங் செய்தால், அதிலும் பூச்சுள்ள கம்பியால் செய்தால், அந்த வெப்பத்தில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் உருவாகிறது. இதன் அயனி, செல்லுக்குத் தேவையான சல்ஃபேட் அயனியின் வடிவத்தை ஒத்திருக்கிறது. சல்ஃபேட்டுக்காகச் சவ்வில் உள்ள வாயில் இதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்ததும் வைட்டமின் சி, குளூட்டாதயோன் ஆகியவற்றால் மூன்று இணைதிறன் நிலைக்குக் குறைக்கப்படுகிறது. அந்த நிலையில் அதனால் எளிதில் வெளியேற முடியாது, டி.என்.ஏ.யோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. ஆறு இணைதிறன் குரோமியத்தையும் நிக்கல் சேர்மங்களையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. 2017இல் வெல்டிங் புகையையும், எந்த எஃகு என்ற வேறுபாடு இல்லாமல், அதே பிரிவில் சேர்த்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் வரையே அனுமதிக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணால் பார்த்துக் காற்று நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதில் பொருளில்லை என்பது விளங்கும்.

பெரிலியம் வேறு வழியில் வேலை செய்கிறது. ஸ்பிரிங்குகளிலும் தீப்பொறி எழுப்பாத கருவிகளிலும் பயன்படும் ஒருவகைத் தாமிரக் கலவையில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்குதான் இருக்கும். குறிப்பிட்ட மரபணு வேறுபாடு உள்ளவர்களிடம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகைவனாகப் பதிவு செய்துகொள்கிறது. தூசை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் முடிச்சுகள் தோன்றலாம். மாங்கனீசு மூக்கின் மோப்ப நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களின் தள்ளாட்ட நடையையும் முகபாவம் இழந்த நிலையையும் 1837இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர் விவரித்தார். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சலும் உடல் வலியும் வந்து ஓரிரு நாளில் தணியும். வார விடுமுறைக்குப் பின் முதல் வேலை நாளில் அது கடுமையாக இருக்கும். காட்மியப் புகையும் முதலில் அதே காய்ச்சலைப்போலத் தொடங்கும். ஆனால் அது நுரையீரலில் நீர் கோத்து உயிரை எடுக்கக்கூடியது, பிழைத்தாலும் சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்கும். ஆகையால் பற்றவைப்புக்குப் பின் காய்ச்சல் வந்தால் பழகிய காய்ச்சல்தான் என்று போர்த்திக்கொண்டு படுக்காமல், பற்றவைத்த கம்பியிலும் பூச்சிலும் என்ன இருந்தது என்று உடனே பார்க்க வேண்டும்.

எங்கள் பிரிவில் பேச்சைவிட அதிகமாகக் காரியம் செய்தது ஒரு டார்ச் விளக்கு. தொழில் சுகாதார ஆலோசகர் ஒருவர் வந்து, விளக்குகளை அணைத்துவிட்டு, அரைத்துக்கொண்டிருந்த மெஷினுக்குப் பின்னாலிருந்து பலமான ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். ஒளி நேராகக் கண்ணில் படாதபடி ஓர் அட்டையால் மறைத்து, அதன் ஓரமாகப் பார்க்கச் சொன்னார். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில், சக்கரத்திலிருந்து ஒரு சாம்பல் நிறச் சுருள் எழுந்து, உறிஞ்சு குழாயின் வாயை எட்டாமல் வளைந்து, குனிந்து நின்றவரின் முகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே புகுந்து மேலே போனது. மெஷினை நிறுத்திய பிறகும் ஒளிக்கற்றைக்குள் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. அசையாத காற்றில் ஒரு மைக்ரான் இரும்புத் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பட்டறைக் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. வேலை முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறும் வழக்கம் அன்றோடு நின்றது. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் தங்கள் பட்டறையில் செய்து பார்க்கலாம். தூசின் அளவை அது சொல்லாது. தூசு எங்கே போகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

அடுத்துச் செய்தது குழாயை நெருக்கியது. உறிஞ்சு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே காற்றை இழுக்கும் வேகம் வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய மோட்டார் வாங்குவதைவிட, இருக்கும் குழாயைச் சக்கரத்துக்கு ஒட்டிக் கொண்டுவந்து, பக்கங்களை மூடிக் கூண்டு அமைப்பது பெரும் பயன் தரும். சுவரில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனை இதற்கு மாற்றாகக் கருதக் கூடாது. அது தூசை நம் முகத்தைக் கடந்தே இழுத்துச் செல்லும். கூலன்ட் ஊற்றினால் தூசு அடங்கும் என்பது சரி. ஆனால் கார்பைடு அரைக்கும்போது கோபால்ட் கூலன்ட்டில் கரைந்து நாளடைவில் சேர்ந்துகொண்டே போகும். அந்தத் திரவம் திவலையாகத் தெறித்து மூச்சிலும் தோலிலும் சேரும். கோபால்ட் கரைவதைக் குறைக்கும் வகையில் தயாரிக்கப்பட்ட கூலன்ட்டுகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினாலும் வடிகட்டுவதையும் காலத்தோடு மாற்றுவதையும் விட முடியாது. எங்கள் பிரிவில் சிலருக்கு விரல் இடுக்குகளில் வந்த அரிப்புக் கொப்புளங்களுக்கும் கரைந்த கோபால்ட்டே காரணம். தோலில் அந்த ஒவ்வாமை ஒருமுறை பதிந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுதும் இருக்கும்.

கம்ப்ரசர் காற்றால் மெஷினையும் சட்டையையும் ஊதுவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். படிந்து அடங்கிய தூசை மீண்டும் மூச்சு மட்டத்துக்கு எழுப்ப அதைவிட விரைவான வழி இல்லை. அலுமினியம் போன்ற எரியும் தூசாக இருந்தால் வெடிக்கவும் செய்யும். உலர்ந்த துடைப்பமும் அதே தவறைச் சற்று மெதுவாகச் செய்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாம், 0.3 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வேக்குவம் கொண்டு உறிஞ்சலாம், எரியும் உலோகமாக இருந்தால் அதற்கென்றே செய்யப்பட்ட வேக்குவம் வேண்டும்.

மாஸ்க்கைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறிஞ்சு குழாயும் கூண்டும் சரியாக இல்லாத இடத்தில் மாஸ்க்கை மட்டும் கொடுத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று மேலாளர்கள் இருப்பதை ஏற்க முடியாது. இருந்தாலும் அது தேவை. துணியும் அறுவை சிகிச்சை மாஸ்க்கும் இந்தத் துகள்களுக்குப் போதாது. என்95 என்றால் சோதனைத் துகளில் குறைந்தது நூற்றுக்கு 95 பங்கை வடிகட்டும். பி100 வடிகட்டி 99.97 பங்கை. இந்த எண்கள் எல்லாம் மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் உண்மை. தாடி இருந்தால், அல்லது கண்ணாடியின் கம்பி ஓரத்தைத் தூக்கினால், காற்று வடிகட்டியைத் தவிர்த்து அந்த இடுக்கு வழியாகவே வரும். ஒவ்வொரு முறை அணியும்போதும் வடிகட்டியைக் கையால் மூடி மூச்சை இழுத்து, மாஸ்க் முகத்தோடு உள்வாங்கி நிற்கிறதா என்று பார்ப்பது சில விநாடி வேலைதான். புகைப்பிடிப்பவர்களுக்குக் குறுயிழைகள் முன்பே செயலிழந்திருக்கும் என்பதால் சளியோடு வெளியேற வேண்டிய பெரிய துகள்களும் தங்கிவிடுகின்றன. வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காமல் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வர வேண்டும். காரீயமும் பெரிலியமும் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளையும் மனைவியரையும் பாதித்தது பதிவான உண்மை.

வேலையில் சேரும்போதே ஸ்பைரோமெட்ரி என்னும், ஊதும் மூச்சை அளக்கும் சோதனையை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் அளவு இயல்பு வரம்புக்குள் இருந்தாலும், தொடக்கத்தில் இருந்ததைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தத் தாள்தான் காட்டும். என்னிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் மருத்துவருக்கு வேலை எளிதாகியிருக்கும் என்று அவரே சொன்னார். நுண்ணறைச் சுவர் தடிப்பதை ஸ்பைரோமெட்ரியைவிட முன்னதாக, வாயு இரத்தத்துக்குள் கடக்கும் திறனை அளக்கும் சோதனை காட்டிக்கொடுக்கலாம். கார்பைடு, பெரிலியம் வேலைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மூச்சிரைப்பு இருந்தால், ஊதி அளக்கும் சிறு பீக் ஃப்ளோ மீட்டரில் வேலை நாள், விடுப்பு நாள் இரண்டிலும் தினமும் நான்கு முறை ஊதிச் சில வாரங்கள் குறித்துவைத்தால், வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர் அந்தக் கோட்டிலேயே படித்துவிடுவார். கோபால்ட்டுக்கு வார இறுதி வேலை நாளின் முடிவில் எடுத்த சிறுநீரும், காரீயத்துக்கு இரத்தமும் சோதனைக்கு உகந்தவை. ஒவ்வொரு உலோகத்துக்கும் கூலன்ட்டுக்கும் உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள கலவைப் பகுதியைப் படமெடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போக நேர்ந்தால், உலோகம் அரைத்தவர் என்பதையும் கண்ணில் பொறி விழுந்ததுண்டா என்பதையும் அங்குள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் தங்கிப்போன இரும்புத் துணுக்கு அந்தக் காந்தப்புலத்தில் நகர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் அவர்கள் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.